சிவப்புத் துணி கட்டிய கொம்பு

ஐந்தேகாலுக்கு எழுந்தான். கட்டிலில் தன் பாதி விரிப்பை மட்டும் இழுத்துவிட்டான். மறுபாதி கலையவே இல்லை. முகம் கழுவினான். கம்பிக் கதவில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, ஓரத்தைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தான். பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமியாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ, தனக்குச் சர்க்கரை போட்டு ஒரு டீ. அலமாரியில் மூன்றாவது டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. ஆறு வாரமாக இதே வரிசை. எதுவும் முன்பின் மாறவில்லை.

அன்றைக்கு ஒன்று மட்டும் மாறியிருந்தது. மாமியார் கேள்வி கேட்கவில்லை.

வழக்கமாக டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்பாள். முதல் வாய் குடிப்பதற்கு முன்பே.

"மாப்பிள்ளை, கடைசியா அவ என்ன சொன்னா?"

"உங்களத்தான் கேட்டா அத்தை. அம்மா எங்கன்னு கேட்டா."

"ரெண்டு தடவ கேட்டாளா?"

"ரெண்டு தடவ."

முதல் நாள் ஒரு தடவை என்றுதான் சொல்லியிருந்தான். எப்போது இரண்டானது என்று அவனுக்கே நினைவில்லை. அவள் கேட்டாள், அவன் தலையாட்டினான். அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் மாமியாருக்கு டீ உள்ளே இறங்கும். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் அவள் ஐந்து மணி நேரத் தொலைவில், சன்னல் கண்ணாடி உடைந்த ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள். வந்து சேர்ந்தபோது மகளுக்குப் பேச்சில்லை. அந்தப் பஸ்ஸிலிருந்து அவள் இன்னும் இறங்கவில்லை என்று அவனுக்குத் தோன்றும். அதனால்தான் சொன்னான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்துத்தான் சொன்னான்.

இன்றைக்கு அவள் டம்ளரை வாங்கினாள், குடித்தாள், கழுவி வைத்தாள். புடவை மாற்றி, செருப்பை எடுத்து வாசலில் போட்டிருந்தாள்.

"பத்து மணிக்குத்தானே? நானும் வரேன்."

"நீங்க எதுக்கு அத்தை? போலீஸ் ஸ்டேஷன். வெட்டியா உக்காரணும்."

"சட்டைக்குப் பட்டன் தைச்சு இருபத்தஞ்சு வருஷம் உக்காந்தவ நான். எனக்கு உக்காரத் தெரியும்."

அவன் கைபேசியை எடுத்தான். பட்டறைக்கு போன் செய்து, மதியம் வருவதாகச் சொன்னான்.

அவன் வேலை செய்தது ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில். பழைய இரும்பை உருக்கி, பாதாளச் சாக்கடை மூடிகளும் குழாய் இணைப்புகளும் வார்க்கிற இடம். உள்ளே எப்போதும் சுட்ட மண்ணின் வாசனை. சட்டையைத் துவைத்தாலும் போகாது. அவன் வேதியியல் படித்தவன். வந்து இறங்கும் பழைய இரும்பைத் தரம் பிரிப்பதும், உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து, சின்ன வில்லையாக உறையவைத்துச் சோதிப்பதும் அவன் பொறுப்பு. வில்லை சரியாக இருந்தால்தான் உலைக்காரர் அச்சுகளில் ஊற்றுவார்.

உலைக்காரர் ஐம்பது வயதுக்காரர். புருவம் கருகிக் கருகி இல்லாமலே போய்விட்டது. "லேப் சார் கையெழுத்துப் போட்டாத்தான் இரும்பே இரும்பாகும்" என்பார். "அதுவரைக்கும் அது வெறும் கஞ்சிதான்."

வார்ப்பிரும்பு வளையாது, உடையும். புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரைக் கட்டியைப் பிட்டதுபோல மினுங்கும். நாலு நாள் காற்றும் ஈரமும் பட்டால் பழுப்பேறிவிடும். அதனால் ஒரு துண்டு எப்போது உடைந்தது என்று அவனால் பார்த்ததும் சொல்ல முடியும். இது ஒரு பெரிய திறமை இல்லை. தினமும் பார்க்கிறவனுக்குக் கண்ணில் படும், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையில் ஒரு தவறு நடந்தது. மூடியின் நடுவில் வருஷமும் வரிசை எண்ணும் எழும்பி நிற்கும். மர அச்சில் அந்த எண்களைத் தனித்தனித் துண்டுகளாக ஒட்டுவார்கள். மரத்தில் நேராக இருப்பது மண்ணில் மாறிப் பதியும், இரும்பில் மறுபடி நேராக வரும். புதிதாக வந்த அச்சுக்காரர் மண்ணில் எப்படித் தெரியும் என்று அதிகமாக யோசித்துவிட்டார். நான்கு என்ற எண்ணை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஒட்டிவிட்டார். பன்னிரண்டு மூடி வார்த்த பிறகுதான் தெரிந்தது. இரும்பு நல்ல இரும்பு. எண் எப்படி இருந்தால் என்ன என்று அவன்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அதில் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத் தெரு முனையில் வந்து உட்கார்ந்தது.

அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று ஊருக்கே அதட்டிச் சொல்பவள். தினமும் இரண்டு முறை ஸ்கூட்டரில் அந்த மூடியைத் தாண்டிப் போவாள்.

"உங்க தப்பு மேலதான் தினமும் வண்டி ஓட்டறேன்" என்பாள். "கெமிஸ்ட்ரி படிச்சு என்ன, நாலுன்னு எழுதத் தெரியல."

"அத ஒட்டினது நானில்ல."

"கையெழுத்து யாருது?"

அவன் வாயை மூடிக்கொள்வான். அவளிடம் பேசி ஜெயித்த நாள் என்று ஒன்று அவன் கணக்கில் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால், வந்து இறங்கும் பழைய இரும்பில் மூடித் துண்டுகள் அதிகமாகத் தெரிந்தன. உடைந்த இடமெல்லாம் சாம்பல் மினுக்கு. சம்மட்டி பட்ட தழும்பு. பழசாகி உடைந்தவை இல்லை, நேற்று உடைத்தவை. அதே வாரம் ஊரில் மூன்று இடங்களில் மூடி காணாமல் போனது. மூன்று குழிகளிலும் யாரோ ஒரு மரக்கொம்பை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவன் வண்டியை நிறுத்தி, அந்த முடிச்சைப் பார்த்தான். அடுத்த குழியிலும் அதே முடிச்சு. அடுத்ததிலும்.

திருடுகிறவனேதான் கொம்பையும் நடுகிறான்!

அவன் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினான். டைப் அடித்து, பத்தி பிரித்து எழுதினான். மூடி போன எல்லா இடங்களிலும் ஒரே மாதிரிக் கொம்பு, ஒரே துணி, ஒரே முடிச்சு. ஆகவே செய்பவர் ஒருவரே. அந்தத் துணி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஆள் கிடைப்பான். தான் எழுதியதில் அவனுக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இவ்ளோ தெளிவா எழுதியிருக்கீங்களே, போலீஸ்காரங்களுக்குச் சந்தேகம் உங்க மேலதான் வரும்."

ஸ்டேஷனில் ஏட்டு அதை இரண்டு தரம் படித்தார். காதோரம் நரைத்த, தன்மையாகப் பேசுகிற மனிதர். "படிச்சவங்க படிச்சவங்கதான் தம்பி. நாங்க இத்தன நாள் பாத்தும் இந்த முடிச்சு கண்ணுல படல பாருங்க" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். "நாங்க பாத்துக்கறோம். நீங்க இத வெளிய யார்கிட்டயும் பேச வேணாம்."

அதற்குப் பிறகு கொம்புகள் நின்றுவிட்டன. ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பழைய இரும்புக் குவியலில் சாம்பல் மினுக்கு மட்டும் நிற்கவில்லை. அதையும் அவன் பார்த்தான். வேறு ஊர்ச் சரக்காக இருக்கும் என்று நகர்ந்துவிட்டான். அந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தை அவன் செலவழிக்கவில்லை.

பருவத்தின் முதல் மழை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அரைமணி நேரம் அடித்து ஓய்ந்தது. பள்ளிக்கூடத் தெரு முனையில் முழங்கால் தண்ணீர். அன்று மதிய முறைக்குக் கடைக்குக் கிளம்பிய அவள், தினமும் போகிற வழியில், தினமும் தாண்டுகிற இடத்தில் வண்டியை விட்டாள். முந்தின ராத்திரி மூடி போயிருந்தது தண்ணீரில் தெரியவில்லை. முன்சக்கரம் உள்ளே போனது. குழியின் சிமெண்டு விளிம்பில் தலை அடித்தது. எதிரிலிருந்த பங்க்சர் கடைக்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். மணி மூன்று ஐந்து என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்றரை. தாழ்வாரத்தில், சக்கரம் வைத்த படுக்கையில் கிடந்தாள். நினைவிருந்தது. புடவை முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். அவனைப் பார்த்தாள், பேசினாள். இரண்டு மூன்று வாக்கியம். பிறகு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. இடையில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனான். வீட்டில் இருக்க முடியவில்லை. முதல் லோடு வந்து இறங்கியது. வழக்கம்போலக் குவியலைக் கிளறினான். ஒரு மூடியின் கால் பங்குத் துண்டு. நடுவில் இடவலம் மாறிய நான்கு.

உடைந்த இடம் பழுப்பேறியிருந்தது. பழைய இரும்புக் கடையில் கொஞ்ச நாள் கிடந்திருக்கிறது. அவன் அதைத் தூக்கினான். ஆறேழு கிலோ இருக்கும். மார்போடு அணைத்துக்கொண்டு லேப் அறைக்கு நடந்தான்.

"சார், அது உலைக்குப் போற சரக்கு" என்றார் உலைக்காரர்.

"இது போகாது."

உலைக்காரர் எட்டிப் பார்த்தார். நான்கைப் பார்த்தார். அந்த நான்கை வைத்து அவரும் எத்தனையோ நாள் கிண்டல் செய்தவர். தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"கொண்டு வர்றவன எனக்குத் தெரியும் சார்" என்றார். "கொக்கின்னு கூப்பிடுவாங்க. மூடியத் தூக்கறதுக்கு இடுப்புல எப்பவும் ஒரு கொக்கி வெச்சிருப்பான். போலீஸுக்கு வேண்டிய ஆளு. அதனால எவனும் அவன ஒண்ணும் கேக்கறதில்ல."

கொக்கி மறுநாள் மதியம் வந்தான். பழைய இரும்புக் கடைக்காரனின் மூன்று சக்கர வண்டியில் குழாய்த் துண்டுகளை ஏற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மிதித்து வந்தான். ஒல்லியான, நாற்பது வயது மனிதன். வண்டியின் பின்பக்கம், வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய்களின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பின்னால் வருகிறவன் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வண்டிக்காரர்கள் எல்லோரும் கட்டுவதுதான். அதே முடிச்சு.

சரக்கை இறக்கி முடிக்கும்வரை இவன் காத்திருந்தான். பிறகு பக்கத்தில் போனான்.

"கொம்பு நட்டுட்டு இருந்தியே. ஏன் விட்ட?"

கொக்கியின் கை நின்றது. "என்ன கொம்பு சார்?"

"மூடி எடுத்த எடத்துல. இதே துணி. இதே முடிச்சு."

கொக்கி சுற்றும் முற்றும் பார்த்தான். யாருமில்லை. இவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, மறுக்கவில்லை.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு சார். வயித்துக்குச் செய்யறேன், அதுக்காக ஒருத்தர விழ விட முடியுமா? மூடியத் தூக்கின கையோட கொம்ப நட்டுடுவேன். நடாம ஒரு எடத்த விட்டு நகந்ததில்ல."

"அப்புறம்?"

"ஏட்டையா கூப்பிட்டு விட்டாரு. எவனோ படிச்சவன் எழுதிக் குடுத்துட்டானாம். துணிய வெச்சே ஆளப் பிடிக்கலாம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கானாம். 'நீ எடு, எடுக்காம போ, எனக்குத் தெரிய வேணாம். ஆனா கொம்பு நட்டேன்னா நானே உன்ன உள்ள தள்ற மாதிரி ஆயிடும்'னாரு. அதோட விட்டேன்." துணி முடிச்சைத் தடவினான். "முதல் தடவ நடாம வந்தப்ப திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன் சார்."

"அந்தப் படிச்சவன் நான்தான்."

கொக்கி அவனைப் பார்த்தான். பிறகு பட்டறையை, பிறகு மறுபடி அவனை.

"பள்ளிக்கூடத் தெரு முக்குல விழுந்தாங்களே…" என்றான். "உங்க வீட்டம்மாவா?"

"ஆமா."

கொக்கி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். இடுப்பிலிருந்த கொக்கியை உருவி, மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தான். நிமிராமலே சொன்னான்.

"என் பேரச் சொல்லாதீங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல சார்."

அந்த ஆளை அடிக்க வேண்டும் என்று தோன்றும் என எதிர்பார்த்து நின்றான். தோன்றவில்லை. தன் புகாரைப் பற்றித் தெரிந்தவர்களில், அதனால் நேர்ந்ததற்கு வருத்தப்பட்டவன் கொக்கி ஒருவன்தான். உள்ளே போய் அன்றைய வில்லைகளைச் சோதித்தான். எல்லாம் சரியாக இருந்தன.

மாமியார் இன்று காலை கேள்வி கேட்காததற்குக் காரணம் நேற்றுச் சாயங்காலம் நடந்தது. ஏட்டு வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மாமியாரைக் கைகூப்பிக் கும்பிட்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கேஸ முடிக்கணும் தம்பி. முடிச்சாத்தான் உங்களுக்குச் சேர வேண்டிய பேப்பர் எல்லாம் கைக்கு வரும். ஒரு கையெழுத்துதான். ஆஸ்பத்திரில அவங்க கடைசியா பேசினப்ப பக்கத்துல நீங்க இருந்தீங்க இல்லியா, அதுக்குச் சாட்சியா."

"என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதறதுதான்."

"படிங்க" என்றாள் மாமியார்.

ஏட்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'மழையில் நானே வேகமாக வந்து, கவனக்குறைவால் நிலைதடுமாறி விழுந்துவிட்டேன். இதில் யார் மீதும் எந்தக் குற்றமும் இல்லை என்று சுயநினைவுடன் தன் கணவரிடம் கூறினார்.'

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் மாமியார். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்னம்மா?"

அவள் மருமகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஏட்டு தாளை மேசைமேல் வைத்து, நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவனிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "பெரிய விஷயம் ஒண்ணு இதுல மாட்டியிருக்கு தம்பி. இன்ஸ்பெக்டரம்மா சொல்லுவாங்க. எனக்கும் பொண்ணு இருக்கு. கல்லு மாதிரி ஆளுன்னு நெனச்சுடாதீங்க."

உள்ளே வந்தபோது மாமியார் தாளைக் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

"ரெண்டு தடவ அம்மான்னு சொன்னான்னீங்க."

அவன் நின்றான்.

"இதுல இல்லியே மாப்பிள்ளை. இது பொய்யா, அது பொய்யா?"

 அவள் தாளை நாலாக மடித்து, அவன் சட்டைப் பையில் செருகினாள். இரவு சாப்பாட்டில் அவனுக்கு முட்டை வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோப்புகள். சன்னலில் ஒரு தண்ணீர் பாட்டில், பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம். நாற்பது வயது இருக்கும், தூக்கம் இல்லாத கண்கள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏட்டு கதவோரம் நின்றார்.

அவன் தோள்பையைத் தரையில் வைத்தான். கனத்த சத்தம் கேட்டது.

"தாள் கொண்டு வந்தீங்களா?"

அவன் தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு குனிந்து, பையிலிருந்த இரும்புத் துண்டைத் தூக்கி, தாளின்மேல் வைத்தான். மேசை ஒரு பக்கம் லேசாக ஆடியது.

"பள்ளிக்கூடத் தெரு மூடி. பழைய இரும்போட எங்க பட்டறைக்கு வந்துது. இந்த மாதிரி மாறின நாலு உலகத்துலயே பன்னெண்டு மூடிலதான் இருக்கு. எல்லாத்துலயும் தேறியதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.  பிறகு அவள் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை.

"உங்ககிட்ட மறைச்சுப் பேசப் போறதில்ல. எடுத்தவன் யாருன்னு எங்களுக்குத் தெரியும். அவன் எடுக்கறான்னும் தெரியும். தெரிஞ்சேதான் விட்டோம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு கிடங்குல பூட்டி வெச்சிருந்த நாலு பொண்ணுங்கள வெளிய கொண்டு வந்தோம். சின்னதுக்கு ஒம்பது வயசு. எடம் சொன்னவன் அவன். பழைய இரும்பு எடுக்கப் போறவனுக்குத்தான் எந்தப் பூட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியும். இன்னொரு கிடங்கு இருக்குங்கறான். எங்கன்னு இன்னும் தெரியல. இப்ப நான் அவன் மேல கேஸ் எழுதினா, கோர்ட்ல அவன் பேரு வரும். பேரு வந்த அன்னைக்கே அவன முடிச்சுடுவாங்க. அந்தக் கிடங்கு அப்படியே பூட்டிக் கெடக்கும்."

"நாலு மூடிக்கு நாலு பொண்ணுங்க" என்றான் அவன்.

"அப்படித்தான் நெனச்சேன். மூடிதானேன்னு நெனச்சேன். அதுல ஒரு உயிர் போகும்னு நெனக்கல. அந்தத் தப்பு என்னோடது. அத நான் எங்கயும் இல்லன்னு சொல்ல மாட்டேன்." நிறுத்தினாள். "நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. சொன்னா நானும் கத்துக்கறேன்."

 அந்த ஒன்பது வயதுக் குழந்தை இப்போது வீட்டில் யார் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது என்று யோசித்தான். அது வீட்டுக்கு வந்தது நல்லதுதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"அவன விட்டது புரியுது" என்றான். "கொம்பு நடாதன்னு ஏன் சொன்னீங்க?"

"என்ன கொம்பு?"

அவள் முகத்தில் நடிப்பு இல்லை. அவன் கதவோரம் பார்த்தான். ஏட்டு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவன் மூடி எடுத்த எடத்துல எல்லாம் கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிட்டுப் போவான். யாரும் விழக் கூடாதுன்னு. அந்தத் துணிய வெச்சு ஆளப் பிடிக்கலாம்னு நான் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதினத இவர் அவன்கிட்டயே சொல்லி, இனிமே நடாதன்னுட்டார். திருடறத நிறுத்தச் சொல்லல. கொம்பு நடறத நிறுத்தச் சொன்னார்."

"ஏட்டையா?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"ஆள் மாட்டிக்கக் கூடாதுன்னுதான்மா…" ஏட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "புகார் எழுத்துல வந்துடுச்சு. கொம்பு இருந்தா நாலு பேர் கேப்பாங்க. நான் இத யோசிக்கல. சத்தியமா யோசிக்கல."

"அந்த மனு எங்க?"

"என் டிராயர்ல இருக்கு."

"எண் போட்டீங்களா?"

ஏட்டு தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

இன்ஸ்பெக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகிறவரை எல்லோரும் காத்திருந்ததுபோல இருந்தது.

"நான் எடுத்தவன் பேரச் சொல்லல" என்றான். "அவன் பேரு எனக்குத் தெரியவும் தெரியாது. நான் எழுதின மனுவ எழுதுங்க. அது யார் கைல கொடுத்தேன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் கொம்பு நின்னுபோச்சுன்னு எழுதுங்க."

"எல்லாம் ஒரே நூல்தான். இதப் பிடிச்சு இழுத்தா அவனும் வந்துடுவான்."

"அப்ப அவன இழுக்கறதுக்கு முன்னாடி காப்பாத்திக்கங்க. அது உங்க வேலை. அவள இதுல சேக்காதீங்க. அவ வேகமா ஓட்டினவ இல்ல. அவ சொல்லாதத அவ வாயில வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா அவனையே பார்த்தாள். இரும்பைத் தூக்க முயன்றாள், ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் நகர்த்தி, அடியிலிருந்த தாளை உருவினாள். கிழிக்கவில்லை. கவிழ்த்து ஓரமாக வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

"உங்க மனுவுக்கு இன்னைக்குத் தேதில எண் போடறேன். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. எனக்கு என்ன ஆகும்னும் தெரியாது." பேனா மூடியைக் கழற்றினாள். "சொல்லுங்க. அவங்க கடைசியா சொன்னது என்ன? சொன்னது சொன்னபடி."

அவன்  நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பினான். மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். இருபத்தைந்து வருஷம் பட்டன் தைத்த விரல்கள். நுனிகளில் ஊசித் தழும்பு.

"அத்தை" என்றான். "அவ உங்களக் கேக்கல. ஒரு தடவ கூடக் கேக்கல. நான்தான் சொன்னேன்."

 கைப்பையின் பட்டனைத் திறந்தாள், போட்டாள்.

"அவ எந்தக் காலத்துல என்னக் கேட்டு எதச் செஞ்சா" என்றாள். "நேத்தே புரிஞ்சுடுச்சு. விடுங்க." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "ஏதோ ஒண்ணு சொல்லித்தானே இருப்பா? சும்மா போறவ இல்லியே அவ. அதச் சொல்லுங்க. நானும் கேக்கணும்."

அந்தத் தாழ்வாரம் அவன் கண்முன் வந்தது. சக்கரப் படுக்கை, ஈரப் புடவை, சுவரில் மூன்றரை காட்டிய கடிகாரம். மனைவி அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். கடையில் மருந்துச் சீட்டு இல்லாமல் வருகிறவர்களை முறைப்பதுபோல அவனை முறைத்தாள். அவன் அவள் கையை விடாமல் பிடித்திருந்தான். அவள் சொன்னதை அவன் செய்யவில்லை. அங்கிருந்து அசையவே இல்லை. நாலு மணிக்குப் பங்க்சர் கடைக்காரர்தான் ஒரு பழைய டயரைக் கொண்டுபோய்ப் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா தாளின்மேல் நின்றது. அவன் நிறுத்தி நிறுத்தி, மனைவி சொன்ன வேகத்திலேயே சொன்னான்.

"ஒரு கொம்பாவது நட்டு வைக்கக் கூடாதாங்க அங்க? இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க, போய் எதையாவது நட்டுட்டு வாங்க. ஸ்கூல் விடப் போகுது."